ஓய்வெடுத்த காணி தரிசுக் காணியா? நமது நாட்டுக் காடுகளின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது முழுவதும் வாசியுங்கள்.

நமது ஊர்ப் பள்ளிவாசல் திருத்த வேலை நடந்தபோது, பழைய கட்டடத்தின் இடிபாட்டுக்குள் இருந்து ஒரு நிலைக்கட்டை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் கிடந்த கட்டை. ஓரத்தில் கொஞ்சம் வெடித்திருந்தது, அவ்வளவுதான். கறையான் தொடவே இல்லை. வேலைக்கு வந்த வயதான ஓடாவி ஒருவர் அதை உளியால் கீறிப் பார்த்துவிட்டு, "இது முதிரை தம்பி. இப்ப இந்த மாதிரிக் கட்டை வாங்க ஏலா. இனிப் போடப்போற நிலை குருநாகல் பக்கத்துப் பலா" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன கதைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நமது முசலிப் பக்கத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் காடு. அப்படியிருக்க, பள்ளிவாசலுக்கு ஒரு நிலை செய்ய, சனம் நெருங்கி வாழும் குருநாகலில் இருந்து மரம் வருகிறது. காடு இருக்கும் இடத்தில் மரம் இல்லை, காடு இல்லாத இடத்தில் மரம் இருக்கிறது. இது எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நமது காணிப் பிரச்சினையின் வேரும் அதே இடத்தில் அகப்படும்.

முதலில் பூமிசாஸ்திரம். பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். நாட்டின் தென்மேற்கு ஈரவலயம். அங்கே வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வடக்கு, வடமத்தி, கிழக்கு, தென்கிழக்கு எல்லாம் உலர்வலயம். அங்கே 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டிபோல இடைவலயம். உலர்வலயம் நாட்டின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஈரவலயம் கால்வாசி அளவுதான், ஆனால் நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேல் அங்கேதான்.

காடு இதற்கு நேர்மாறு. இன்று மிஞ்சியிருக்கும் இயற்கைக் காட்டில் பெரும்பகுதி உலர்வலயத்தில். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் நிலத்தின் பாதிக்கு மேல் காடு. ஈரவலயத்தில் சிங்கராஜ வனம், கன்னெலிய, சிவனொளிபாத மலைத்தொடர் போன்ற சில பெரிய துண்டுகளும், தேயிலைக்கும் ஊர்களுக்கும் இடையில் அகப்பட்ட சின்னச் சின்னத் துண்டுகளும்தான் மிச்சம்.

மரமும் வேறு வேறு. ஈரவலயக் காட்டில் ஹோரா, நாகமரம் போன்ற உயர்ந்த மரங்கள். நமது பக்கத்தில் முதிரை, பாலை, வீரை, கருங்காலி, சவண்டலை. மழை குறைவு என்பதால் மெதுவாக வளரும், அதனால் கட்டை இரும்பு மாதிரி இருக்கும். ஒரு முதிரை நிலைக்கட்டை அளவுக்குப் பருக்க ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

இனி, காடு யாருக்குச் சொந்தம் என்ற விடயத்துக்கு வருவோம்.

மன்னர் காலத்தில் நிலம் எல்லாம் கோட்பாட்டளவில் அரசனுக்குச் சொந்தம். ஆனால் நடைமுறையில் ஊருக்கு ஊர் வழக்கம் இருந்தது. கண்டியில் உடவத்தகலை போன்ற அரசனின் தடைக்காடுகளுக்குள் யாரும் கோடரி கொண்டு போக முடியாது. மற்றப்படி ஊரைச் சுற்றியிருந்த காட்டில் சனங்கள் விறகு எடுத்தார்கள், தேன் எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள், சேனை வெட்டினார்கள். சேனை என்றால் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கன், சோளம் போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து வருடத்துக்கு அப்படியே விட்டுவிடுவது. அந்த இடைவெளியில் காடு திரும்ப வளரும், மண் திரும்பச் சத்துப் பிடிக்கும். பிறகு அதே குடும்பம் அல்லது அதே ஊர் அந்தத் துண்டுக்குத் திரும்பி வரும். எழுத்தில் உறுதி எதுவும் இருக்காது. யாருடைய துண்டு எது என்று ஊருக்குத் தெரியும்.

கரையோரத்தில் ஒல்லாந்தர் வேறு ஒன்று செய்தார்கள். கறுவாவும் வரியும் அவர்களுக்குத் தேவைப்பட்டதால், தென்மேற்கிலும் யாழ்ப்பாணத்திலும் காணிகளைத் தோம்பு என்ற இடாப்பில் பதிந்தார்கள். தென்மேற்கில் தோட்டக்காணிகளுக்கு எழுத்து ஆதாரம் இருக்கும் பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. உள்நாட்டிலும் வன்னிக் காட்டோரத்திலும் ஊர் வழக்கம்தான் தொடர்ந்தது.

அடுத்து ஆங்கிலேயர். 1815இல் கண்டி அவர்கள் கைக்குப் போனது. 1830களில் மலைநாட்டில் கோப்பி பிடிக்கத் தொடங்கியது. கோப்பிக்குக் காணி வேண்டும். காணியை விற்க வேண்டுமானால் அது முதலில் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று ஆக வேண்டும். அதற்காக வந்ததுதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம்.

இந்தச் சட்டத்தை நமது ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காடு, தரிசு, குடியில்லாத, பயிரிடப்படாத காணி எல்லாம் முடிக்குச் சொந்தம் என்றே ஊகிக்கப்படும், அப்படியில்லை என்று யாராவது நிரூபிக்கும் வரை. இதுதான் அதன் சாரம். நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தின் தலையில் இல்லை, ஊர்க்காரனின் தலையில்.

அதிலும் சேனைக்கு ஒரு தனிப் பிரிவு. பல வருட இடைவெளி விட்டு மட்டுமே பயிரிடக்கூடிய காணிகள், கண்டி இராச்சியமாக இருந்த பகுதிகளில் சன்னஸ் அல்லது அரச கொடைப் பத்திரம் காட்டினால், அல்லது வழக்கமான வரி கட்டியதைக் காட்டினால் ஒழிய, முடிக்குச் சொந்தம். மற்றப் பகுதிகளில் அவை காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்படும்.

அதாவது, மண்ணுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த விவசாயியின் காணி, அந்த ஓய்வு காரணமாகவே தரிசு ஆகிவிட்டது. சட்டத்தின் கண்ணுக்கு இன்றைக்குப் பயிர் நிற்கும் காணியும் காட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஓய்வெடுக்கும் காணி என்று ஒன்று இருப்பது தெரியாது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1844 வரை ஏக்கர் 5 சிலிங்குக்கு மலைக்காடு விற்கப்பட்டது. ஆளுநரும் உயர் அதிகாரிகளும் கூட வாங்கினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. மலை மொட்டையாவதைப் பார்த்து 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்தார். அதன் பிறகு 5000 அடிக்கு மேல் காடு வெட்டக் காணி கொடுப்பது நிறுத்தப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக்காடும் இன்று மிஞ்சியிருப்பதற்கு அந்த முடிவு ஒரு முக்கிய காரணம். நமது நாட்டு ஆறுகளின் தலை அங்கேதான் இருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

1885இல் காட்டுச் சட்டம் வந்தது. 1887இல் வனத்துக்கென்று ஒரு திணைக்களம். 1907இல் வந்த காட்டுக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு பல தலைமுறைகளுக்கு நாட்டை ஆண்டது.

அதே காலத்தில் உலர்வலயக் காட்டுக்கு என்ன நடந்தது? அங்கே கோப்பி வளராது. அதனால் காணியை விட மரமே வியாபாரம் ஆனது. முதிரையும் கருங்காலியும் தளபாடத்துக்காகக் கப்பலேறின. சவண்டலைக்கு ஆங்கிலத்திலேயே திருகோணமலை மரம் என்று ஒரு பெயர். சென்னைக் கரையில் அலையைத் தாங்கிப் போகும் மசூலாப் படகுகளுக்கு அது போனது. பாலை மரம் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. ஈரவலயத்தில் கலுமெதிரிய என்ற அழகான வரிமரம் தளபாடத்துக்காகவே வெட்டி வெட்டி அருகிப் போனது. காடு அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதால் காடு காப்பாற்றப்பட்டது என்று யாராவது சொன்னால், பாதிதான் உண்மை. அரசாங்கமே பெரிய மர வியாபாரியாகவும் இருந்தது.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் அடுத்த அலை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உலர்வலயத்தில் அரச காணி பெர்மிட்டில் கொடுக்கப்பட்டது. 1949இல் கல்லோயாத் திட்டம், 1970களின் கடைசியில் துரித மகாவலி. இரண்டுக்கும் பெருமளவு காடு அழிக்கப்பட்டது. 1956இல் விமானப் படங்களை வைத்து அளந்தபோது நாட்டின் 44 வீதம் காடு. இன்று ஏறக்குறைய 30 வீதம், அதுவும் ஐதான காட்டையும் சேர்த்து. அழிந்ததில் பெரும்பகுதி இரவில் திருட்டுத்தனமாக வெட்டியதல்ல, அரசாங்கத் திட்டங்களுக்காகப் பகலில் வெட்டியது. காடழிப்பு என்றதும் ஒரு சமூகத்தை நோக்கி மட்டும் விரல் நீட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இந்த வரலாற்றால்தான் காணிச் சொத்தில் இரண்டு நாடுகள் உருவாகின. தென்மேற்கிலும் இடைவலயத்திலும் உறுதிக் காணி. சின்னச் சின்ன வீட்டுத்தோட்டம், தென்னந்தோட்டம், ரப்பர் தோட்டம். உலர்வலயத்தில் பெரும்பாலும் அரச காணி, பெர்மிட் காணி, அல்லது எந்தக் கடதாசியும் இல்லாமல் வாப்பா, மூத்தவாப்பா காலத்தில் இருந்து இருக்கும் காணி. நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குச் சொந்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இயற்கைக் காட்டை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட முழுவதுமே அரசுடையது. ஒரு பகுதி வனத் திணைக்களத்தின் கையில், இன்னொரு பகுதி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில்.

இப்போது ஓடாவியின் கதைக்குத் திரும்புவோம். மரம் ஏன் குருநாகலில் இருந்து வருகிறது?

1968இல் அரச மரக்கூட்டுத்தாபனம் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் கொஸ்கம ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜ வனத்துக்குள்ளேயே இயந்திரம் இறக்கி மரம் வெட்டினார்கள். பொதுமக்கள் எதிர்த்தார்கள், 1977இல் அது நின்றது. 1988இல் அதே காடு உலக மரபுரிமையானது. 1990இல் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவது முழுமையாக நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து சட்டப்படியான மரம் என்றால் திணைக்களத்தின் தேக்கு, யூகலிப்டஸ், பைனஸ் தோட்டங்கள், வயது முடிந்த ரப்பர், தென்னை, வெளிநாட்டு இறக்குமதி, எல்லாவற்றையும் விட வீட்டுத்தோட்டம். பலா, மகோகனி, தேக்கு, மலைவேம்பு. மொரட்டுவையின் தளபாடமும் ஊர் ஊராக இருக்கும் மரக்காலைகளும் இவற்றில்தான் ஓடுகின்றன.

வடக்கில் ஒரு காலத்தில் வீட்டுக் கூரை முழுக்கப் பனை. வளை, கைமரம், சிலாகை எல்லாம் பனையிலேயே முடிந்துவிடும். 1951இல் வந்த மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது. சாப்பாடு தரும் மரம் என்பதால். ஆகவே உங்கள் வளவுப் பலா உங்களுடையதுதான், ஆனாலும் வெட்டுவதற்கு முன் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் நாட வேண்டும்.

பலா என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் போனவர்களில் ஒருவர். அந்தக் கலவரத்தில் அடி வாங்கியது நமது சமூகம் என்பதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் வெளியே வந்த பிறகு, நாட்டில் பஞ்சம் வந்தால் சனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்து, பத்து இலட்சம் பலா நடவேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். சிங்களச் சகோதரர்கள் அவரைக் கொஸ் மாமா என்று இன்றும் சொல்வார்கள். நாம் குருநாகலில் வாங்கும் பலகைக்குப் பின்னால், பலாக்கன்று நடுவதை ஒரு பழக்கமாக்கிய இப்படியானவர்களின் உழைப்பும் இருக்கிறது.

ஆக, மரம் இருப்பது தன் காணி தனக்கே என்ற நம்பிக்கையோடு மனிதன் கன்று நட்ட இடத்தில். நாளைக்குக் காணி இருக்குமோ இல்லையோ என்று இருப்பவன் ஐம்பது வருட மரம் நடமாட்டான். நிலக்கடலை போடுவான்.

இனி நமது கதை. இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்ட அதே 1990இல், ஒக்டோபர் கடைசியில், வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து மாவட்டங்களில் இருந்து ஏறக்குறைய 75,000 பேர். இந்தப் பதிவை எழுதும் நமது வயதுக்காரர் அன்று தூக்கிச் செல்லப்பட்ட கைக்குழந்தைகள். புத்தளம் முகாம்களில் ஓலைக்கு அடியில் வளர்ந்தோம். 2009இல் யுத்தம் முடிந்து பெரியவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டு வளவில் காடு. கிணற்றுக்கட்டும் அத்திவாரமும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உலர்வலயத்தில் இருபது வருடம் விட்ட நிலம் எப்படி இருக்கும் என்று சேனை செய்தவனுக்குத் தெரியும். வானத்தில் இருந்து படம் எடுப்பவனுக்கு அது காடு. 2012 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம், பெரியமுறிப்பு, வேப்பல் பக்கங்கள் ஒதுக்கக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அவை மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டன, ஏறக்குறைய 40,000 ஹெக்டெயர். தங்கள் பூர்வீகக் காணிகளும் அந்த எல்லைக்குள் போய்விட்டன என்பது திரும்பி வந்த மக்களின் முறைப்பாடு. மீள்குடியேற்றம் என்ற பெயரில் ஊர் எல்லையைத் தாண்டி ஒதுக்கக் காடும் வெட்டப்பட்டது என்பது சூழலியலாளர்களின் முறைப்பாடு. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறுக் காட்டில் நடந்த காடழிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அங்கே திரும்ப மரம் நடவும் கட்டளையிட்டது.

1840இன் தர்க்கம் இங்கே அப்படியே திரும்பி வருவதைக் கவனியுங்கள். ஓய்வெடுத்த காணி தரிசு. தரிசு அரசுடையது. இல்லையென்றால் நீ நிரூபி. ஒரே வித்தியாசம், இந்தக் காணி மண்ணின் நன்மைக்காக ஓய்வெடுக்கவில்லை. அதன் சொந்தக்காரர் துரத்தப்பட்டதால் ஓய்வெடுத்தது. அந்தப் பழைய சட்டம், முடி என்ற இடத்தில் அரசு என்று மாற்றப்பட்டு, இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் நடந்தது என்று நினைப்பதும் பிழை. வன்னித் தமிழ்க் கிராமங்களிலும், அனுராதபுரம், மொனராகலைப் பக்கத்துச் சிங்களச் சேனை விவசாயிகளிடமும் கேட்டால் இதே கதை, வேறு வேறு பெயர்களில். ஒதுக்கக்காடாக அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020இல் அது நீக்கப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்கள் பக்கம் போனது. விவசாயி இருந்த இடத்திலேயே இருக்க, அவனுடைய சேனை மட்டும் ஒரு கோவையில் இருந்து இன்னொரு கோவைக்குப் போகிறது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நமது ஊர்களில் முதிரையும் பாலையும் இரவில் ஏற்றிப் போகும் லொறிகளை நாம் கண்டதில்லையா? கண்டும் பேசாமல் இருந்ததில்லையா? பரம்பரைக் காணி என்ற நியாயமான கோரிக்கைக்குள், பரம்பரையில் இல்லாத காணியையும் சேர்த்துக் கேட்டவர்கள் இல்லையா? ஒருவர் அப்படிச் செய்தால், உண்மையாகவே உறுதி தொலைந்த பத்துக் குடும்பங்களின் வாய் அடைபடும். இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பவனுக்கு உரிமை பேசும் மார்க்கம்தான், ஹிமா என்று ஒதுக்கிய நிலத்தைத் தொடாதே என்றும் சொல்லித் தந்தது.

செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, கடதாசி. உறுதி, பெர்மிட் மட்டுமல்ல. 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சேர்விடாப்பு, பள்ளிவாசல் கடுத்தப் புத்தகம், பழைய கடிதத்தின் முகவரி கூட ஆதாரம்தான். இருப்பதைப் படம் எடுத்து ஒரு பிரதி பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுத்து வையுங்கள்.

இரண்டு, மூத்தவர்களின் நினைவு. எந்தக் குளத்தில் இருந்து எந்த ஆலமரம் வரை யாருடைய காணி என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்களோடு எல்லைக்கு நடந்து போய்ப் பதிவு செய்யுங்கள். இந்த விடுமுறையில் உயர்தர மாணவர்களை வைத்து இதைத் தொடங்கப் பாடசாலையில் பேசியிருக்கிறோம்.

மூன்று, மரம். கடதாசி உள்ள வளவில் பலா, வேம்பு, மகோகனி, இயலுமானால் ஒரு முதிரை. மரம் நடுவது ஸதகா என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்.

கிடைத்த நிலைக்கட்டையை ஓடாவி வீசவில்லை. சீவி, எண்ணெய் பூசி, புதுப் பள்ளிவாசலில் ஹவுளுக்குப் போகும் சின்ன வாசலுக்கு வைத்திருக்கிறார். பெரிய வாசலுக்குக் குருநாகல் பலா. வளவின் தெற்கு மூலையில் மாணவர்கள் ஆறு முதிரைக் கன்று வைத்திருக்கிறார்கள், ஆட்டுக்கு வேலியும் கட்டியாகிவிட்டது. பின்னேரம் பள்ளிக்கு வருபவர்கள் ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். பழைய காணிக் கதை தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.